கைக்கு வரும்வரை அது நம்ம பணம் இல்லை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்கு சேமிப்பு, சந்தா பற்றிப் பேசப் போவதில்லை. கடை வாசலில் "இப்போ முழு விலை கொடுங்க, 1,000 ரூபாய் உங்க கணக்குக்குத் திரும்பி வரும்" என்று எழுதி வைத்திருப்பார்களே, அந்த கேஷ்பேக் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம்ம குழு அக்கா ஒருத்தர் இட்லி மாவு அரைத்து விற்கிறார். பெயர் சொல்லவில்லை, அவங்க சம்மதத்தோடுதான் சொல்கிறேன். குழுவில் உள்கடன் வாங்கி கிரைண்டர் எடுக்கப் போனார். ஒரு கடையில் விலை 5,900. இன்னொரு கடையில் அதே கிரைண்டர் 6,500, ஆனால் 1,000 திரும்ப வரும். "5,500-க்கு முடிஞ்சுது, 400 ரூபாய் லாபம்" என்று கணக்குப் போட்டு இரண்டாவது கடையில் வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பிள்ளையை விட்டுப் படிக்கச் சொன்னால், பெட்டிக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில் நிபந்தனைகள். 15 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பில், மிஷின் நம்பர், பெட்டியில் ஒட்டிய பட்டைக்கோடு எல்லாம் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கடைக்காரர் கொடுத்திருந்ததோ வெறும் எஸ்டிமேட் சீட்டு! பில் கேட்டு மூன்று முறை பஸ் ஏறினார். மூன்று நாள் மாவு வியாபாரம் போச்சு. பில் கிடைத்தபோது 15 நாள் தாண்டிவிட்டது. "தேதி முடிஞ்சுபோச்சு" என்று பதில் வந்தது.

400 லாபம் என்று நினைத்தது 600 நஷ்டம். அந்த 600-ம் கடன் பணம், அதுக்கும் வட்டி. பஸ் காசு தனி. இதைவிட எனக்கு வருத்தம் என்னவென்றால், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். தவணை தள்ளிப்போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏமாந்தது அவர் தப்பா, சொல்லுங்க?

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் இதை ரிபேட் என்பார்கள். பெட்டியில் பட்டைக்கோட்டை வெட்டி, ரசீதோடு தபாலில் அனுப்பிவிட்டு, காசோலைக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெட்டின பெட்டியோடு போனால் பொருளைத் திருப்பித் தருவதும் கஷ்டம். சிலர் மறந்துவிடுவார்கள், சிலர் ஒரு தாளை விட்டுவிடுவார்கள். அப்படி வாங்காமல் விடுகிற பணம் கம்பெனிக்கு மிச்சம். பணம் தருவதாக இருந்தால் விலையிலேயே குறைத்திருக்கலாமே!

சரி, நாம் என்ன செய்யலாம்?

1. இன்றைக்குக் கையை விட்டுப் போகும் தொகைதான் விலை. அதை வைத்தே இரண்டு கடையை ஒப்பிடுங்கள்.

2. பணம் கொடுக்கும் முன்பே நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கடைசித் தேதி என்ன, யார் பெயரில் பில், எந்த வங்கிக் கணக்கு என்று பாருங்கள்.

3. எஸ்டிமேட் வேண்டாம், பில் கேளுங்கள். பெட்டியைப் பணம் வரும்வரை எரிக்காதீர்கள்.

4. கடன் கேட்கும்போது "திரும்பி வரும்" பணத்தை நம்பித் தவணை சொல்லாதீர்கள்.

2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் தராமல் இருப்பதும், கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பதும் அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2 வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

அந்த அக்காவோடு குழுவில் நாலு பேர் உட்கார்ந்து 1915-க்குப் போன் போட்டார்கள். பணம் இன்னும் வரவில்லை. புகார் எண் மட்டும் தீர்மான நோட்டில் ஏறியிருக்கிறது. ஆனால் ஒன்று, அன்றைக்கே இன்னும் இரண்டு பேர் "எனக்கும் இப்படி ஆச்சு" என்று வாயைத் திறந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டில் கிடக்கும் இந்த மாதிரி பில், கூப்பன் எல்லாம் எடுத்துட்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.