தேடுபொறி சொல்லும் பதில் எந்த நாளுடையது?

இன்று தோட்டத்து வீடுகளிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. பிள்ளையின் உதவிநிதிக்கு மனுச் செய்யக் கடைசி நாள் எது, கிள்ளான் மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து போகும் என்று அதில் தேடிப் பார்க்கிறோம். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதில் எந்த நாளுடையது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

தேடுபொறி, நாம் கேட்ட பிறகு உலகமெல்லாம் ஓடித் தேடுவதில்லை. இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறித்து வைத்திருக்கிறது. பாடநூலின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதைப் போல. ஆனால் அச்சான புத்தகம் மாறாது. இணையப் பக்கமோ மாறிக்கொண்டே இருக்கும்.

விடியற்காலையில் கிராணியார் பெரட்டில் பேர் பதிவதை நீங்கள் அறிவீர்கள். பத்து மணிக்கு ஒருவர் காய்ச்சலென்று வீடு திரும்பினாலும், புத்தகத்தின்படி அவர் வேலைக்காட்டில்தான் இருப்பார். தேடுபொறியின் பதிவும் அதுவே. கடைசியாக அது வந்து பார்த்தபோது இருந்த நிலவரத்தைத்தான் சொல்லும்.

அப்படியானால் அடிக்கடி வந்து பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். 1998-இல் கூகுளின் பதிவில் இருந்தவை 2 கோடியே 60 லட்சம் பக்கங்கள். 2000-இல் அது 100 கோடியாயிற்று. அக்காலத்தில் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறைதான் பதிவைப் புதுப்பித்தார்கள். 2010-இல் முறையை மாற்றி, படித்ததை அவ்வப்போதே சேர்க்கத் தொடங்கினார்கள். இருந்தாலும் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவில் போய்வர முடியாது. பலரும் நாடுகிற செய்தித்தளத்தை அது ஓயாமல் எட்டிப் பார்க்கும். ஆண்டுக்கொரு முறை மாறும் சின்னப் பள்ளியின் பக்கத்துக்கு எப்போதாவதுதான் வரும். கணக்கு நியாயந்தான், நட்டம் மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு.

எங்கள் பகுதியில் ஒரு தாயார் அப்படித்தான் ஏமாந்தார். அவர் கண்டது முந்திய ஆண்டின் கடைசி நாள். வேலைக்கு விடுப்புச் சொல்லி மனுவோடு போனபோது தவணை முடிந்து இரண்டு வாரமாகியிருந்தது. ஒரு நாள் கூலியும் போயிற்று, பிள்ளையின் உதவிநிதியும் போயிற்று.

பெயர் மாறினால் சிக்கல் இன்னும் கூடும். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா 2014-இல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் ஆயிற்று. அங்கே நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் வாயில் இன்னும் டூத்தாதான். பழைய பக்கங்களிலும் அதே பெயர்தான் கிடக்கிறது. இரண்டும் ஒரே சாலை என்பதை இயந்திரத்துக்கு யாராவது கற்பிக்கவேண்டும். சீபில்ட் தோட்டம் சுபாங் ஜெயா நகரமாயிற்று. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. பாட்டனார் பால்வெட்டிய தோட்டத்தைத் தேடும் பேரன், இரண்டு பெயரையும் போட்டுப் பார்க்கட்டும்.

உதவிநிதியானாலும் மருத்துவமனையானாலும், முதலில் வந்த பதிலோடு நில்லாமல் பக்கத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள். தேதி இல்லையென்றால் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பள்ளிப் பக்கங்களை எழுதும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல்: அறிவிப்பில் நாளையும் மாதத்தையும் போடுகிறோம், ஆண்டை விட்டுவிடுகிறோம். அதையும் சேர்த்துப் போடுங்கள்.