அரிக்கமேடும் இலவசப் பக்கங்களும்



புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு என்ற தொல்லியல் களம். அதைப் பற்றி இணையத்தில் தேடும் பிள்ளைக்கு முதலில் கைக்கு வருவதே சரித்திரம் ஆகிவிடுகிறது. ஆனால் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் பழைய எழுத்து. புதிய ஆய்வு விலை கொடுத்து வாங்கும் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே எந்த ஆவணத்தையும், பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்கிறேன்.

இதற்கு அரிக்கமேடே சான்று. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே 1945-இல் அகழ்ந்தார். மறு ஆண்டே ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் அறிக்கை வந்தது. தலைப்பிலேயே அரிக்கமேடு இந்திய-ரோமானிய வணிக நிலையம் ஆகிவிட்டது. இத்தாலியில் செய்த அரெட்டைன் பானை ஓடுகளின் காலம் தெரியும். அதைக் கொண்டு, உடன் கிடந்தவற்றுக்கும் காலம் கணித்தார். நேர்த்தியான முறைதான். ஆனால் தொல்லியலாளர் விமலா பெக்லி 1983-இல் அந்த முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கினார். 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்தார். ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கு குடியிருப்பு இருந்தது, அது ஓய்ந்த பின்னும் ஊர் நீடித்தது என்று தெரியவந்தது. வீலர் மத்தியதரைக் கடலோடு இணைத்துப் பார்த்த, உருளைக் கோட்டு வேலைப்பாடு கொண்ட ரௌலட்டட் மண்கலங்கள் இந்தியாவில் செய்யப்பட்டவை என்பதும் உறுதிப்பட்டது. பெக்லியின் முதல் தொகுதி 1996-இல் புதுச்சேரியிலிருந்தே வெளிவந்தது.

நேரில் தோண்டியவர் எழுதியதல்லவா மூல ஆதாரம் என்று கேட்கலாம். வீலர் பதிந்த மண்ணடுக்கும் வரைபடமும் இன்றும் ஆதாரம்தான். அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவு ஆதாரமல்ல, கருத்து. அறிக்கையைப் படிப்பவர் இரண்டையும் பிரித்தே படிக்க வேண்டும். விலையுள்ள நூலுக்கு எங்கே போவது என்றால், மதிப்புரைகளிலும் பிற்கால நூற்பட்டியல்களிலும் பல இலவசமே. பெர்சே என்ற இணையதளத்தில் பழைய பிரெஞ்சு ஆய்விதழ்கள் யாருக்கும் காசில்லாமல் திறக்கும். ஒரு முடிவு மறுக்கப்பட்டதா என்று அறிய அவ்வளவே போதும்.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது: நம் பெருமைக்கு ஒத்துவருவதால்தானே பெக்லியை ஏற்கிறாய்? அப்படியென்றால் அவரைத் தொடர்ந்து வந்த ஆய்வையும் பாருங்கள். 1997-இல் விஷ்வாஸ் கோக்டே ரௌலட்டட் ஓடுகளின் களிமண்ணைச் சோதித்து, அவற்றின் பிறப்பிடமாகத் தமிழகத்தை அல்ல, வங்காளத்தின் தாம்லுக், சந்திரகேதுகர் வட்டாரத்தைச் சுட்டினார். அதையும் எல்லோரும் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை.