ட்ரிம்மர் பெட்டியில் அந்த எட்டு இலக்கம் எங்கே?



சமீபத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தில் பேச அழைத்திருந்தார்கள். அங்கே பேசியதைத்தான் கொஞ்சம் திருத்தி உங்களிடம் சொல்கிறேன். தலைப்பைக் கேட்டதும் பின் பெஞ்சில் இருந்து ஒரு மாணவர் எழுந்தார். "அக்கா, ட்ரிம்மர் பேட்டரியில ஓடுது. அதுல கரண்ட்டே கம்மி. ஷாக் அடிக்கப் போறதில்ல. அதுக்கு எதுக்கு சர்டிபிகேட்?"

நியாயமான கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால் நானும் "ஆமா, எதுக்கு?" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்போது என் அண்ணன் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் ஒரு ட்ரிம்மர் வாங்கி வந்தார். விலை 399 ரூபாய். ஒரு நாள் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். விடியற்காலையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. போய்ப் பார்த்தால், ட்ரிம்மரின் கைப்பிடி இரண்டாகப் பிளந்திருக்கிறது. உள்ளே இருந்த பேட்டரி உப்பி வெளியே பிதுங்கியிருக்கிறது. மேசையின் சன்மைக்கா உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துவிட்டது. பக்கத்தில்தான் அம்மாவின் துணிக்கூடை இருந்தது. ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பித்தோம்.

அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி ஏதோ ஒரு படம் இருந்தது, எண் எதுவும் இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. கடைக்காரர் பில்லும் கொடுக்கவில்லை. யார் மேல் புகார் கொடுப்பது? விழிப்புணர்வுச் செய்தி எழுதுவதையே வேலையாக வைத்திருக்கும் நான் இருக்கும் வீட்டில் இது நடந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மாணவருக்குச் சொன்ன பதிலுக்கு வருகிறேன். பேட்டரியில் இயங்கும் ட்ரிம்மர், ஷேவர், எபிலேட்டர், எலக்ட்ரிக் டூத் பிரஷ், முக மசாஜர் ஆகியவற்றில் ஷாக் அபாயம் குறைவு என்பது உண்மைதான். இவற்றில் நாம் பயப்பட வேண்டியது சூட்டுக்கு. இப்போது வரும் பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது லித்தியம்-அயான் செல். அதன் சாதாரண மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட். 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் ஏறுவது நின்றுவிட வேண்டும். அதை நிறுத்துவதற்கு என்று ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. மலிவான பொருளில் முதலில் கைவைக்கும் இடம் அந்தச் சுற்றுதான். அது இல்லாவிட்டாலோ, மட்டமானதாக இருந்தாலோ செல் சூடாகும், உள்ளே வாயு சேர்ந்து உப்பும், சில நேரம் தீப்பிடிக்கும். இதைக் கன்னத்திலும் கழுத்திலும் வைத்துப் பயன்படுத்துகிறோம், அதுவும் பல நேரம் ஈரக்கையோடு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் பலருக்கும் குழப்பம். ட்ரிம்மர் வாங்கினால் ஒரு பொருள் வாங்கியதாக நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெட்டிக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன: பேட்டரி, அடாப்டர், ட்ரிம்மர்.

முதல் இரண்டும் பல வருடங்களாகவே கட்டாயப் பதிவுக்குள் இருக்கின்றன. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-ல் வந்தது. கையடக்கச் சாதனங்களில் போடும் ரீசார்ஜபிள் செல்களும் பேட்டரிகளும் 2014-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான அடாப்டர்கள் 2017-ல் சேர்ந்தன. பேட்டரிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 16046. இது ஐ.இ.சி. 62133 என்ற சர்வதேசத் தரத்தைத் தழுவியது. அதில் உள்ள சோதனைகளைப் படிக்கும்போது கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, அந்த செல்லைப் பார்த்து. ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து கான்கிரீட் தரையில் மூன்று முறை போடுகிறார்கள். 130 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். இரண்டு முனைகளையும் இணைத்து ஷார்ட் செய்கிறார்கள். நசுக்குகிறார்கள். எதிலும் தீப்பிடிக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது. நம் வீட்டில் குளியலறைத் தரையில் எத்தனை முறை ட்ரிம்மர் விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள், இந்தச் சோதனைகள் ஏன் என்று புரியும்.

மூன்றாவது, ட்ரிம்மர் என்ற சாதனம். இஸ்திரிப் பெட்டி, இம்மர்ஷன் ஹீட்டர், கீசர் போன்றவற்றுக்கு 2003-ஆம் ஆண்டு ஆணையில் இருந்தே ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் ஷேவருக்கும் ட்ரிம்மருக்கும் அப்படி இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வீட்டு உபயோக, வணிக மின்சாதனங்களின் பாதுகாப்புக்கு ஒரு தரக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. ஒற்றைப் பேஸில் 250 வோல்ட்டுக்கு மிகாத சாதனங்கள் இதில் அடங்கும். பேட்டரியில் இயங்குபவையும் அடங்கும் என்று ஆணையே சொல்கிறது. பொதுவான தரம் ஐ.எஸ். 302. முதலில் குறித்த தேதி தள்ளிப்போய், 2025-ல் வெளியான ஆணையில் 2026 மார்ச் 19 என்று குறிக்கப்பட்டது. இந்த மாதிரி ஆணைகளில் தேதி மாறுவது புதிதல்ல. அதனால் வாங்கப் போகும் நாளில் பி.ஐ.எஸ். இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தேதி எப்படி இருந்தாலும் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் பதிவு வேண்டும் என்பது பழைய கட்டாயம். "புது ரூல் இன்னும் வரலீங்க" என்று கடைக்காரர் சொன்னால் அந்தப் பேச்சு இந்த இரண்டுக்கும் பொருந்தாது.

பி.ஐ.எஸ். என்பது இந்திய தர நிர்ணய அமைவனம். சென்னையில் தரமணியில் அதன் அலுவலகம் இருக்கிறது. அது தரும் முத்திரைகளில் இரண்டு வகையை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண் இருக்கும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். கட்டாயப் பதிவு முத்திரையில் கீழே ஆங்கில எழுத்து ஆர், ஒரு சிறு கோடு, பிறகு எட்டு இலக்கம். ஐ.எஸ்.ஐ. உரிமத்துக்கு அதிகாரிகள் தொழிற்சாலையை நேரில் பார்க்கிறார்கள். ஆர் எண்ணுக்கு, பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து, அந்த அறிக்கையோடு நிறுவனம் தன் பொறுப்பில் உறுதிமொழி தருகிறது. அட்டையில் ஐரோப்பாவின் சி.இ. குறி இருந்தால் அது இந்தியச் சான்று ஆகாது. பலர் அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது என்பதுதான் நான் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எண்ணைத்தான் சரிபார்க்க வேண்டும். செல்போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். நகைக்கு ஹால்மார்க் பார்க்க ஏற்கெனவே வைத்திருப்பீர்கள், அதே செயலி. அதில் ஆர் எண்ணுக்கு ஓர் இடம், உரிம எண்ணுக்கு ஓர் இடம் இருக்கிறது. எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், பொருளின் வகை, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். வந்த விவரமும் கையில் இருக்கும் பொருளும் ஒன்றா என்று பாருங்கள். எண் உண்மையாகவே இருக்கும், ஆனால் அது யாரோ ஒருவரின் பவர் பேங்குக்குக் கொடுத்த எண்ணாக இருக்கலாம். இரவல் எண் ஒட்டிய பொருள் போலிதான்.

இன்னொரு சிக்கல். இப்போது பல ட்ரிம்மர்கள் அடாப்டர் இல்லாமல், வெறும் யு.எஸ்.பி. கேபிளோடு வருகின்றன. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு போன் சார்ஜரில் சொருகிவிடுகிறோம். கையேட்டில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அந்த அளவுக்குப் பொருத்தமான, பதிவு பெற்ற அடாப்டரையே பயன்படுத்துங்கள். அதேபோல, பேட்டரி போய்விட்டது என்று தெருமுனைக் கடையில் வேறு செல் மாற்றினால் முன்பு பெற்ற சான்றுக்கு அந்தப் பொருளோடு சம்பந்தம் இல்லை. சலூன் நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கழுத்தில் அது ஓடுகிறது! பிறகு, தண்ணீர் புகாது என்று ஐ.பி.எக்ஸ். 7 போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சார்ஜ் ஏறும்போது குளிக்கலாம் என்று பொருள் இல்லீங்க.

இணையத்தில் வாங்கினால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2025 மார்ச் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் இணைய வணிகக் கிடங்குகளில் பி.ஐ.எஸ். சென்னை அலுவலகத்தினர் சோதனை நடத்தி, சான்று இல்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள். மின்விசிறி, பிளாஸ்க், பொம்மை எல்லாம் அதில் இருந்தன. கட்டாயச் சான்று வேண்டிய பொருளை அது இல்லாமல் தயாரிப்பதும் விற்பதும் பி.ஐ.எஸ். சட்டம் 2016-ன்படி குற்றம்.

என் அண்ணன் விஷயத்தில் எங்களைக் கட்டிப்போட்டது எது தெரியுமா? பில் இல்லாததுதான். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பொருளால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கேட்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருள் என்றால் விற்றவரே பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அவர்தான் விற்றார் என்று காட்ட நம் கையில் ஏதாவது வேண்டுமே! யு.பி.ஐ.யில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவாவது இருந்திருக்கும். அண்ணன் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்.

உங்களுக்கு இப்படி நடந்தால், பொருளையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம், தமிழிலேயே பேசலாம். போலி முத்திரை என்றால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் பதியலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டில் இருந்தே மனு போடலாம்.

உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்காதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. அதனால் நிறுவனத்தின் சேவை மையத்திலோ மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள்.

போன மாதம் அண்ணன் புது ட்ரிம்மர் வாங்கக் கடைக்குப் போனார். பெட்டியின் பின்பக்கத்தையும் அடாப்டரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "பாத்து சொல்லு, பில் போடாம நிறுத்தி வெச்சிருக்கேன்." பேட்டரியின் எண் சரியாக இருந்தது. அடாப்டரின் எண்ணைப் போட்டால் வேறு நிறுவனத்தின் வேறு பொருள் வருகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடல் கேட்டிருக்கிறார். கடைக்காரருக்கு முதலில் கோபம். பிறகு, "அந்த ஆப் பேர் என்ன தம்பி?" என்று கேட்டு, தன் போனிலும் இறக்கிக்கொண்டாராம்.