அடுத்த வரியைச் சொல்வது யார்?

(குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



“ஒரு கதை எழுதுங்கள்” என்றால் நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அதே பிள்ளைகள் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஓயாமல் கதை பேசுவார்கள். அவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை. பிழைக்குப் பயந்து, தனியாக, மதிப்பெண்ணுக்காக எழுதுவதில்தான் தயக்கம்.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய், யாஸ்னயா பொல்யானா என்ற தம் ஊரில் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒருநாள் ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். தங்களால் ஆகாது என்றார்கள் பிள்ளைகள். அவரே எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்த பிள்ளைகள், கதை அப்படிப் போகாது என்று திருத்த ஆரம்பித்தார்கள். ஃபெட்கா, செம்கா என்ற இரு சிறுவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இரவு 7 மணிக்குத் தொடங்கி 11 மணி வரை பசியும் களைப்பும் அவர்களுக்குத் தெரியவில்லை. எழுதுவதை நிறுத்தியதும் அவர்மேல் கோபம் வந்ததாம்!

பிறகு அந்தத் தாள்களைப் பிள்ளைகள் காகித வெடி செய்து விளையாடித் தீர்த்துவிட்டார்கள். டால்ஸ்டாய் வருந்தினார். அந்த இருவரும் ஓர் இரவு அவர் வீட்டில் தங்கிக் கதையை மறுபடி எழுதினார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. கதை அவர்களுடையது, அவ்வளவுதான். 1862இல் இதைக் கட்டுரையாக்கியபோது, எழுதக் கற்க வேண்டியது யார், யாரிடம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார்.

நம் நாமக்கல்லில், கல்லூரிப் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டி ‘கூடு’ என்ற சந்திப்பை நடத்தினார். 2013இல் அவர் பதிப்பித்த ‘சாதியும் நானும்’ என்ற கட்டுரைத் தொகுப்பு அங்கிருந்து பிறந்தது. வாய்விட்டுப் பேசவே தயங்கும் அனுபவங்கள் தாளுக்கு வர, கேட்பதற்கு நாலு பேர் வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்வது எளிது. ஐந்து பேர் கொண்ட குழு, ஒரு நோட்டு, ஒரு பேனா. முதல் வரியை நாம் கொடுக்கலாம்: “நடுராத்திரியில் முட்டை லாரி ஒன்று எங்கள் ஊர் முச்சந்தியில் நின்றுபோனது.” பேனா வட்டமாகச் சுற்றட்டும். நன்றாக எழுதும் பிள்ளையே பேனாவைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. எழுத வராத பிள்ளை சொல்லட்டும், பக்கத்துப் பிள்ளை எழுதட்டும். ஓட்டுநர் உடனே போனை எடுத்தார் என்று ஒரு பிள்ளை சொல்லும். “இல்ல, மொதல்ல டயருக்குக் கல்லு வெப்பாரு” என்று இன்னொரு குரல் வரும். அது லாரி ஓட்டுநரின் பிள்ளையாக இருக்கும். அந்த வரிக்காகக் குழுவே அவனைத் திரும்பிப் பார்க்கும். மறுநாள் அவன் வகுப்புக்கு வருவதற்கு அது ஒரு காரணம்.

அந்த நேரத்தில் நாம் சிவப்புப் பேனாவைத் திறக்க வேண்டாம். ‘கல்லு’ கல்லாகவே இருக்கட்டும். எந்த வரி நிற்க வேண்டும் என்பதைக் குழுவே பேசி முடிவு செய்யட்டும். எழுத்துப்பிழையைக் கதை முடிந்தபின் சேர்ந்து திருத்தலாம். வாரம் ஒரு பாடவேளை போதும். ஆனால் அது தவறக் கூடாது. முடிந்த கதையை ஐந்து பெயர்களோடு காலை வணக்கக் கூட்டத்தில் படிக்கலாம், ‘தேன்சிட்டு’ இதழுக்கு அனுப்பலாம்.

ஊக்கம் நாம் வெளியிலிருந்து ஊட்டும் மருந்தல்ல. தன் அடுத்த வரிக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை எழுதும்.