அடி தலையில், கவனம் உடம்பு முழுக்க

(பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்; அடுத்து தண்ணீர் லாரி விவகாரம் காத்திருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலையில் அடிபட்டவர் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால் 'கண்டம் தாண்டியாச்சு' என்கிறோம். அடி மூளைக்குத்தான். ஆனால் அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவது பல நேரம் நுரையீரல், தோல், கால்.

முதலில் விழுங்குவது. மூளை அடிபட்டால் தொண்டைத் தசைகளின் ஒழுங்கு கெடலாம். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். பலருக்குக் குழைந்த சாதத்தைவிடத் தண்ணீர், காபிதான் ஆபத்து. சிலருக்கு இருமல்கூட வராது, வெளியே தெரியவே தெரியாது. அதனால் பார்க்கப் போகிறவர்கள் பாசத்தில் 'ஒரு வாய் இளநீர்' ஊட்டாதீர்கள். வீட்டாரைக் கேளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் படுக்கைப் புண் வராது என்று நினைக்கிறோம். அது இருந்தாலும் புரட்டிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான கணக்கு. புத்தகத்தில் 'தோல் சிவக்கும்' என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? கருத்து, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், முக்கியமாகக் குதிகாலிலும் இடுப்பின் பின்பக்கமும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது கிளம்பி நுரையீரலை அடைக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முழங்கை, இடுப்பு மூட்டு இறுகி வலித்தாலும் பலம் போட்டு இழுக்க வேண்டாம். மூளைக் காயத்துக்குப் பிறகு மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு வளர்வதும் உண்டு.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்து தேடி ஓடாதீர்கள்; இரும்பு எதையும் நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108. மாத்திரையை 'இப்ப நல்லாத்தானே இருக்கார்' என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. பி பிளாக் வாசலில் உள்ள சரிவுப்பாதையில் தினமும் நான்கு பைக்குகள் நிற்கின்றன. அந்த பிளாக்குக்கு நாளை மறுநாள் ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறார். வீட்டாரைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பைக்காரர்கள் இங்கேயே இருக்கிறீர்கள், இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள்.