பழைய ஸ்டோர் காணியில் வீடு கட்டுவதற்கு முன்

(தோட்ட வாசிகசாலையில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம தோட்டத்து ஸ்டோர் மூடி வருசங்கள் ஓடிவிட்டன. கொழுந்து இப்போது லொறியேறி வேறு தோட்டத்து ஸ்டோருக்குப் போகிறது. இஞ்சினைக் கழற்றி விற்றாயிற்று. டவுனிலும் பாதிக் கடைகளுக்குப் பூட்டு, இளசுகள் கொழும்பில். அந்த வெறுங்காணியைப் பேர்ச் கணக்கில் பிரித்து லயத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்டலாம், ஓரத்தில் பிள்ளைக் காம்பிராவும் போடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. எங்களுக்கும் சந்தோசம்தான். சமதரை, றோட்டோரம், பீலி பக்கத்தில். மலைநாட்டில் இப்படி ஒரு இடம் கிடைப்பது லேசில்லை.

2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அதை நாம் யாரும் மறக்கவில்லை. இப்போது வீட்டுக்கு இடம் என்றதும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துவிட்டதா, மண் சரியுமா என்று கேட்கிறோம். நல்ல பழக்கம். ஆனால் அந்த மண்ணுக்குள்ளே என்ன கிடக்கிறது என்று, நாங்கள் போன கூட்டங்களில் ஒருவரும் கேட்கக் காணோம்.

"ஸ்டோரில் இருந்தது தேயிலைதானே ஐயா, அதிலென்ன நஞ்சு?" என்று போன கிழமை ஒரு அண்ணன் கேட்டார். தேயிலையால் ஒன்றுமில்லை. அதைச் சுற்றி இருந்தவைதான் விசயம். டீசல் இஞ்சினின் கழிவு எண்ணெய் எங்கே ஊற்றப்பட்டது? பழைய காலத்து டிரான்ஸ்போமர் சிலவற்றின் எண்ணெயில் பிசிபி என்ற கெட்ட இரசாயனம் இருந்தது. அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம். சூட்டுக் குழாய்களில் சுற்றியது பல இடங்களில் அஸ்பெஸ்டஸ்.

எல்லாவற்றையும் விட மருந்து வைத்த அறைதான் முக்கியம். கொப்புள நோய் 1946ல் இலங்கைத் தேயிலைக்கு வந்ததிலிருந்து செம்பு மருந்து அடித்து வருகிறார்கள். செம்பு மண்ணை விட்டுப் போகாது. 1950களில் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். (வண்டு செத்தது, கூடவே இலைசுருட்டிப் புழுவைத் தின்று அடக்கி வைத்திருந்த குளவியும் செத்து, புழு பெருகிவிட்டது. அது தனிக்கதை.) டீல்ட்ரின் மண்ணில் வருசக்கணக்காகக் கிடக்கும். 2001ல் உலக நாடுகள் ஸ்டொக்ஹோமில் கூடி ஒழிக்கத் தீர்மானித்த முதல் 12 நஞ்சுகளில் அதுவும் ஒன்று, பிசிபியும் ஒன்று.

இதைக் கேட்டுப் பயந்து காணியே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நஞ்சு இருந்தால் மட்டும் கெடுதி வராது. அது ஆளிடம் வந்து சேர ஒரு வழி வேண்டும். ஸ்டோரில் வேலை செய்தவர் சீமெந்துத் தரையில் நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். வீடு என்றால் அப்படியில்லை. பிள்ளை மண்ணில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும். வாசலில் கீரை போடுவோம், கோழி கிளறும். மழைத்தண்ணீர் அந்த மண்ணில் இறங்கிக் கீழே பீலிக்குப் போகும். ஒரே மண்தான், பாவனை மாறும்போது ஆபத்தும் மாறுகிறது.

அமெரிக்காவில் நயாகரா என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். பாதியில் கைவிட்ட லவ் கெனல் என்ற வாய்க்காலில் ஒரு இரசாயனக் கம்பனி 1942 முதல் ஏறக்குறைய 21,000 தொன் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது. 1953ல் அந்தக் காணியை ஒரே ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபைக்கு எழுதிக்கொடுத்தது. கழிவு கிடக்கிறது, பின்னால் எங்களைக் கேட்கக்கூடாது என்று உறுதியிலேயே எழுதியிருந்தது. அப்படியிருந்தும் பாடசாலை கட்டினார்கள், சுற்றிலும் வீடுகள் வந்தன. 1970களில் பனியும் மழையும் கூடி நிலத்தடி நீர் ஏறியபோது கழிவு வீட்டு நிலவறைகளுக்குள் கசிந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற தாய், விஞ்ஞானம் படித்தவரல்ல, வீடு வீடாகப் போய் யார் யாருக்கு என்ன வருத்தம் என்று விசாரித்து வரைபடத்தில் குறித்தார். 1978ல் அரசாங்கம் அவசரநிலை அறிவித்து முதலில் 200க்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றியது. நம்ம காணியில் அவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. வீடு கட்டிய பிறகு வரைபடம் கீறுவதை விட முதலே கீறுவது மேல் என்கிறோம்.

புல்லு முளைத்திருக்கிறதே, மணமும் இல்லையே என்பீர்கள். ஈயத்துக்கு மணம் கிடையாது. புல்லு எங்கேயும் முளைக்கும்.

மெசின் வருவதற்கு முன்னால் ஞாபகம் வர வேண்டும். மருந்தடித்த தாத்தாமார், ஸ்டோரில் நின்ற ஆத்தாமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். டாங்கி கழுவிய இடம் எது, பீப்பாய் அடுக்கியது எங்கே, காலாவதியான மருந்தைப் புதைத்தது எங்கே என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். கடதாசியில் இதெல்லாம் இருக்காது. அதன்பின் அந்தந்த இடத்தில் மேல்மண்ணும் ஆழத்து மண்ணும் தனித்தனியாக எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். எல்லா மண்ணையும் ஒன்றாய்க் கலந்து ஒரு பையில் அனுப்பினால் கெட்ட இடம் நல்ல மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். இதில் கண்டிப்பாக நில்லுங்கள். மருந்து படாத ஒரு இடத்து மண்ணும், பீலித் தண்ணீரும் சேர்த்துப் போகட்டும்.

கெட்ட இடம் அகப்பட்டால் அந்த மண்ணை முறைப்படி அகற்றலாம், அல்லது சீமெந்து போட்டு மூடி வாகனம் நிறுத்த விடலாம். தோட்டம் போடக்கூடாது. பிள்ளைக் காம்பிராவுக்கு ஆகச் சுத்தமான மூலை. செலவு காணி கொடுப்பவர்களுடையது. வீட்டுக்காரர் தலையில் கட்ட விடக்கூடாது. இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக, உறுதியில் கையெழுத்து வைப்பதற்கு முன், எழுத்தில் கேட்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. ஸ்டோர் கூரையின் அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கோழிக்கூட்டுக்கு உடைத்து எடுக்காதீர்கள். உடைக்கும்போது பறக்கும் தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது. மருந்துப் பீப்பாயை எத்தனை தரம் கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற வீடுகள் எங்களுக்குத் தெரியும், பேர் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு ஸ்டோர் வாசலில் கூடுவோம். வரைபடத்தாளும் சுண்ணாம்பும் நாங்கள் கொண்டு வருகிறோம். நடக்க முடியாத பெரியவர்களைத் தம்பிமார் நாற்காலியில் தூக்கி வந்தால் நல்லது. மழை என்றால் அடுத்த ஞாயிறு.