குளத்துக்கு வந்த பணம் யாருடைய பணம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



குளம் தூர்வாரவும் மரக்கன்று வைக்கவும் நம் கூட்டமைப்பு ஒரு பெரிய அணியில் சேரப் போகிறது. அதில் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, கம்பெனிகள் இருக்கின்றன, பிரான்சில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். போன மாதமே தீர்மானம் போட்டுவிட்டோம். அப்போது ஒரு அக்கா, "அவங்க கொடுக்குறாங்க, நாம வாங்கிக்கிறோம், இதுல பேச என்ன கிடக்கு?" என்று கேட்டாங்க. பேச நிறையவே கிடக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு அக்காமாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வந்த உதவிகளையும் நினைத்துப் பாருங்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்கவில்லை, நம்மையும் கேட்கவில்லை. லாரி லாரியாக வந்த பழைய துணி நாகப்பட்டினம் சாலை ஓரத்தில் குவிந்து கிடந்து குப்பையானது. படகு கதை இன்னும் மோசம். போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்ததில், சுனாமிக்கு முன்பு இருந்ததை விட அதிகமான படகுகள் சேர்ந்துவிட்டன. சில படகு கடலுக்கே லாயக்கில்லை. படகு கூடினால் மீன் கூடுமா? இருக்கிற மீனைத்தான் கூடுதல் பேர் பங்கு போட வேண்டும். கூடையில் மீன் சுமந்து விற்கிற பெண்களோ பல பட்டியலில் பேரே இல்லாமல் போனார்கள். படகு இருந்தால்தானே பேரு!

இதைச் சரிசெய்ய 2005 ஜனவரி தொடக்கத்திலேயே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், 'சினேகா' நிறுவனமும் சேர்ந்து நாகப்பட்டினத்தில் ஒரு ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லாரும் ஒரே இடத்தில் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். உப்பு ஏறிய வயலை மீட்கும் வேலையும் அப்படிக் கலந்து பேசி நடந்தது. நம்மாழ்வார் ஐயாவும் இயற்கை விவசாயிகளும் ஊர் ஊராக வந்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொல்லிக் கொடுத்தார்கள். தெரிந்ததை ஒளிக்காமல் அடுத்தவருக்குச் சொல்வதும் அணியில் இருக்கிறவர்களின் ஒழுக்கம்தான்.

உலக அளவிலும் இதற்கு விதி இருக்கிறது. பேரிடர் உதவிக்காக செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994ல் 10 நடத்தை விதிகள் எழுதின. அதில் ஒன்று, பணம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, உதவி வாங்குபவருக்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது. இன்னொன்று, விளம்பரத்தில் மக்களைப் பரிதாபப் பொருளாகக் காட்டக் கூடாது என்பது. ஆகவே, "போட்டோவுக்கு மண்வெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நில்லும்மா" என்று யாராவது சொன்னால், எதற்கு, எங்கே போடுவீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

நம் காரைக்காலிலேயே 2019ல் 'நம் நீர்' திட்டம் நடந்தது. அப்போதைய கலெக்டர் விக்ராந்த் ராஜா முயற்சியில் அரசுத் துறைகள், கோயில்கள், பள்ளிகள், கம்பெனிகள், ஊர் மக்கள் எல்லாரும் கைகோர்த்து மூன்று மாதத்தில் 178 நீர்நிலைகளைத் தூர்வாரினார்கள். நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர்கள் நம் பெண்கள். காவிரிக் கடைமடையில் இருக்கிற நமக்கு ஒரு குளம் என்பது ஒரு கோடையைத் தாண்டுகிற வழி. இவ்வளவு பேர் சேர்ந்து செய்ய முடிகிறது என்றால், இவ்வளவு பேரிடம் கணக்கும் இருக்க வேண்டும்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். 100 அடி நீளம், 100 அடி அகலக் குளத்தை 3 அடி ஆழம் வெட்டினால் 30,000 கன அடி மண். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 300 யூனிட். பில்லில் 5 அடி என்று எழுதினால் அதே குளம் 500 யூனிட் ஆகிவிடும். தண்ணீர் நிரம்பிய பிறகு யார் இறங்கி அளப்பது? அதனால்தான் வெட்டும்போது நடுவில் ஒரு மண் திட்டை விட்டு வைத்து, அளந்து முடித்த பிறகு அதை எடுப்பார்கள். ஜேசிபி ஓடிய மணிக்கணக்கை அன்றன்றே எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். வண்டல் யார் வயலுக்குப் போனது, செங்கல் சூளைக்குப் போனதா என்பதும் அதே நோட்டில் வர வேண்டும். நம்ம கடலோரத்தில் ஆழத்துக்கு ஆசைப்பட்டால் உப்புத் தண்ணீர் ஊறிவிடும். கூடுதல் ஆழம் கூடுதல் புண்ணியம் இல்லை.

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று. ஊக்குநர் வீட்டுக்காரரே டிராக்டர் வைத்திருந்தால்? வாடகைக்கு எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊரில் இருப்பதே ஒரு டிராக்டராக இருக்கலாம். ஆனால் அதை அவர் முதலிலேயே கூட்டத்தில் சொல்ல வேண்டும், வாடகை பேசும்போது எழுந்து வெளியே இருக்க வேண்டும், அதைத் தீர்மான நோட்டிலும் எழுத வேண்டும். மறைத்து வைத்து பிறகு தெரிந்தால் குளத்தோடு குழுவும் உடையும். இதைக் கேட்கிற உறுப்பினரை, "இவளுக்கு என்ன வந்துச்சு" என்று ஒதுக்கி, அடுத்த முறை கடன் வரிசையில் பின்னால் தள்ளுகிற வேலையும் சில இடத்தில் நடக்கிறது. அது பணத்தைத் திருடுவதை விடக் கெட்டது என்பது என் கருத்து.

கம்பெனிப் பணம் பற்றியும் தெளிவாக இருப்போம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆகவே மரியாதையோடு வாங்கினால் போதும், குனிந்து வாங்க வேண்டாம். நிலக்கரித் தூசி பற்றி நாகூர், வாஞ்சூர் பக்கத்து மக்கள் வருஷக்கணக்கில் மனு கொடுத்தது நமக்குத் தெரியும். எந்தக் கம்பெனி கன்று கொடுத்தாலும், புகார் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை அந்தக் கன்றோடு வரக் கூடாது. வந்தால் கன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிரான்ஸ் பணத்தில் நம்ம ஊருக்கே உள்ள சிக்கல் ஒன்று உண்டு. இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும், அவர் நன்கொடை வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குரிய பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிறுவனமும் அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. "அக்கா, உங்க குழுக் கணக்குல போட்டுடறேன்" என்று அன்பாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். சேமிப்புக் கணக்கே முடங்கிப் போகலாம்.

மரம் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சுனாமிக்குப் பின் கடற்கரை நெடுக சவுக்கு நட்டார்கள். ஆமை முட்டையிடுகிற மணலிலும், அடம்புக்கொடி படர்ந்த மேட்டிலும் கூட நட்டது சரியில்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். கருவாடு காய வைக்கிற இடத்தை அங்கே காய வைக்கிறவரிடம் கேட்காமல் யாரும் தொடக் கூடாது. குளக்கரைக்குப் பனை, புங்கன், பூவரசு போதும். நட்ட பிறகு முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று பேர் எழுதிய பிறகே குழி தோண்டுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் உங்கள் ஊர்க் குளத்தைக் கயிறு பிடித்து நீள அகலம் அளந்து எழுதி வாருங்கள். வரத்து வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்பதையும் குறித்து வாருங்கள். யார் வீட்டில் டிராக்டர், ஜேசிபி இருக்கிறதோ அவர்கள் அன்றைக்கே சொல்லிவிடலாம்.